விதி யார் வாயிலிருந்து வருகிறது?

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சில விவசாயிகள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. தங்கள் குதிரை வண்டியின் பின்புறத்தில் ஓர் ஆரஞ்சு நிற முக்கோணத்தை மாட்ட மறுத்தார்கள். அதற்கு விதித்த அபராதத்தையும் கட்ட மறுத்தார்கள். ஆமிஷ் கிறிஸ்தவர்களில் மிகக் கட்டுப்பாடான ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த முக்கோணம் டிராக்டருக்காகப் பிறந்தது. சாலையில் ஊர்ந்து போகும் பண்ணை வண்டிகளின் மேல் வேகமாக வரும் கார்கள் பின்னால் வந்து மோதுவதைத் தடுக்க, 1960களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதை வடிவமைத்தார்கள். நடுவில் பகலில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, ஓரத்தில் இரவில் விளக்கொளி பட்டால் மின்னும் சிவப்பு. ஆமிஷ்காரர்களுக்கு இதில் இரண்டு மனத்தடைகள் இருந்தன. அவ்வளவு பகட்டான நிறம் தங்கள் எளிமை நோன்புக்கு ஒவ்வாது என்பது ஒன்று. மனிதன் செய்த ஒரு சின்னத்தைக் காவலாக நம்பினால் கடவுள்மேல் வைத்த நம்பிக்கை குறைந்துபோகும் என்பது மற்றொன்று.

மின்னசோட்டா மாநிலத்தில் இதே வழக்கு முன்பே நடந்திருந்தது. அது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. 1990இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆமிஷ்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கென்டக்கியில் 2012 ஏப்ரலில் சட்டத்தையே திருத்தினார்கள்: முக்கோணத்துக்குப் பதிலாக வெள்ளை அல்லது வெள்ளி நிறத்தில் ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் தீர்ப்பு அன்று. கடவுளை அவ்வளவு உறுதியாக நம்பியவர்கள்கூட இருட்டில் கண்ணுக்குத் தெரியாமலே போவோம் என்று சொல்லவில்லை. விளக்கு வைத்துக்கொள்ளவும் பட்டை ஒட்டவும் சம்மதித்தார்கள். பின்னால் வருகிற காரோட்டியின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிறத்திலும் சின்னத்திலும் பிணக்கு இருந்தது, காவலில் இல்லை.

தன்னைக் காத்துக்கொள்வது இறைநம்பிக்கைக்குக் குறைவா, நடப்பதுதான் நடக்கும் என்றால் ஒருவர் எதற்காக இருக்கைப் பட்டையை மாட்ட வேண்டும் என்ற கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து ஓட்டியவர் இறந்துவிட்டால், துக்க வீட்டு வாசலில் முதலில் காதில் விழும் சொல் 'விதி'. 'வேளை வந்துடுச்சு, போயிட்டான்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு உண்டான மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் இதைப் பேச முடியும். ஆனால் அதற்கு முன்னால் அந்த வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊரில் மினி டிராக்டர் என்று அழைக்கப்படும் சிறு வண்டிகள் பெரும்பாலும் 15 முதல் 30 குதிரைத்திறன் வரை உள்ளவை. மஹிந்திராவின் யுவராஜ் 215 பதினைந்து குதிரைத்திறன்தான். ஜப்பானின் துண்டு துண்டான நெல்வயல்களில் வளர்ந்த வகை இது. அங்கே குபோட்டா நிறுவனம் தன் முதல் வயல் டிராக்டரை 1960இல் கொண்டுவந்தது. தென்னை வரிசைக்கு நடுவே, வாழைத் தோப்பில், மஞ்சள் காட்டில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழைய முடியாத இடங்களில் இது நுழைந்துவிடும். பெரிய டிராக்டரைவிட எடையும் குறைவு. உருவம் சிறியதாக இருப்பதால் பயமும் சிறுத்துப்போகிறது, ஆபத்து சிறுப்பதில்லை. சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு. பயிருக்கு மேலே போக வேண்டியிருப்பதால் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறி மறுபக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எடை சட்டென்று ஓரத்துக்குப் போய்விடும். திருப்பத்தில் வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வயலில் ஒரு பக்கமாகத் திரும்ப வசதியாக வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று என்று பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கும். அவற்றைக் கொக்கி போட்டு இணைக்காமல் தார்ச்சாலையில் ஏறி, அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும்.

பின்பக்கமாகக் கவிழ்வது இதைவிடக் கொடியது. சேற்றில் பின்சக்கரங்கள் புதைந்து சுழல முடியாமல் நிற்கும்போது ஓட்டுநர் கிளட்சைச் சட்டென விடுகிறார் என்று கொள்வோம். எஞ்சினின் விசை எங்கேயாவது போயாக வேண்டும். சக்கரம் அச்சைச் சுற்ற முடியாவிட்டால், வண்டியின் உடல் அச்சைச் சுற்றத் தொடங்கும். முன்சக்கரம் தரையைவிட்டு எழும். அப்படி எழத் தொடங்கியதிலிருந்து முக்கால் விநாடிக்குள் திரும்ப முடியாத நிலையைத் தாண்டிவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மனிதனுடைய கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் கிளட்சைத் தேடுவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். அதனால்தான் இழுக்கும் சங்கிலியை எப்போதும் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும் என்கிறார்கள். மரக்கட்டையை இழுக்கும்போது, கருவியின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் இருக்கும் உயரமான இடத்தில் சங்கிலியைக் கட்டினால், இழுக்கிற பாரம் முழுவதும் வண்டியைப் பின்னால் மல்லாத்தும் நெம்புகோலாகிவிடும். பள்ளத்தில் சிக்கினால் முன்னால் ஏறப் பார்க்காமல், ரிவர்ஸில் எடுத்து வெளியே வருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கவிழாத வண்டியும் கொல்லும். எஞ்சினின் விசையைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, விநாடிக்கு ஒன்பது. மேல் மூடி கழன்றுபோன ஷாஃப்ட்டை ஒருவர் தாண்டும்போது வேட்டியின் ஓரமோ தோள் துண்டின் நுனியோ அதைத் தொட்டால், 'ஐயோ' என்று வாய் திறப்பதற்குள் துணியும் கையும் உள்ளே போயிருக்கும்.

இவ்வளவும் எண்ணிப் பார்க்கக்கூடிய காரணங்கள். சங்கிலி கட்டிய உயரம், சரிவின் கோணம், கழன்ற மூடி. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அந்த மனிதர் சாயங்காலம் வீடு திரும்பியிருப்பார். அப்படியானால் விதி என்ற சொல் எதைக் குறிக்கிறது?

இந்தக் கேள்வியை இந்தியாவில் கேட்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். மக்கலி கோசாலரின் ஆசீவக மதம், எல்லாம் நியதிப்படியே நடக்கிறது, மனித முயற்சி எதையும் மாற்றாது என்று சொன்னது. தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் ஆசீவகரின் கொள்கையை எடுத்துப் பேசுகின்றன. சமணரின் பிராகிருத நூலான உவாசகதசாவில் ஒரு கதை வருகிறது. சத்தாலபுத்தன் என்ற செல்வமுள்ள குயவன் ஆசீவகத்தைப் பின்பற்றுகிறவன். பானைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்த அவனிடம் மகாவீரர், இவை முயற்சியால் ஆனவையா என்று கேட்கிறார். இல்லை, எல்லாம் முன்பே நிச்சயமானது என்கிறான் அவன். உன் பானைகளை ஒருவன் திருடினால், உடைத்துப் போட்டால் என்ன செய்வாய் என்று அடுத்துக் கேட்கிறார். அடிப்பேன், கட்டிப்போடுவேன் என்று பதில் வருகிறது. அங்கேதான் அவன் மாட்டிக்கொள்கிறான். எல்லாம் நிச்சயமானது என்றால் உடைத்தவன்மேல் என்ன குற்றம்?

சமணர் தம் கட்சியை நிறுவச் சொன்ன கதைதான் இது. ஆனாலும் டிராக்டர் விபத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. தன் பானை உடையும்போது யாரும் விதியைச் சொல்வதில்லை. இன்னொருவர் உயிர் போகும்போதுதான் அந்தச் சொல் நாவில் எளிதாக வருகிறது. ஆகவே விதியைப் பற்றிப் பேசும்போது அது உண்மையா பொய்யா என்று கேட்பதற்கு முன்னால், அதைச் சொல்வது யார் என்று கேட்க வேண்டும். கணவனைப் பறிகொடுத்த பெண் 'என் தலையெழுத்து' என்று அழுதால் அது அவளைத் தாங்கிப் பிடிக்கிற சொல். அன்று காலை அவரைத் தடுத்திருக்கலாமே என்று இரவெல்லாம் தன்னையே குத்திக்கொள்வதிலிருந்து அது அவளைக் காக்கிறது. அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே சொல்லை, தேய்ந்த பிரேக்கோடு வண்டியைக் கொடுத்து கூலிக்கு ஓட்டச் சொன்ன உரிமையாளர் சொன்னால், அது வேறு செயல். அவர் தன் கணக்கைக் கடவுளின் பேரேட்டில் எழுதுகிறார்.

யூத மரபு விதியையும் பொறுப்பையும் கூர்மையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவனுடைய இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22ஆம் அதிகாரம். இதை விளக்க வந்த தால்முத் அறிஞர்கள் விதியை மறுக்கவில்லை என்பதுதான் வியப்பு. விழுகிறவனுக்கு விழுவது உலகம் படைக்கப்பட்ட ஆறு நாட்களிலேயே குறிக்கப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் நன்மை நல்லவர் வழியாகவும் தீமை குற்றமுள்ளவர் வழியாகவும் வந்து சேர்கிறது என்கிறார்கள். அவன் விழுவது அவன் விதியாகவே இருக்கட்டும். உன் மாடியிலிருந்து விழுந்தால், அதற்கு வழியானவன் நீ. விதியை நம்பிக்கொண்டே பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாதபடி கதவைச் சாத்திவிடும் வாதம் இது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்தக் கைப்பிடிச்சுவரை மாடியிலிருந்து கீழே இறக்கிக் கொண்டுவந்தார். சுவர் பத்துக் கைப்பிடி உயரம் இருக்க வேண்டும், ஒருவர் சாய்ந்தால் தாங்க வேண்டும் என்று அளவு சொன்னார். கிணறு, குழி என்று உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் அந்தக் கடமையை விரித்தார். என் உயிரை நான் பணயம் வைக்கிறேன், மற்றவருக்கு என்ன என்று சொல்கிறவனுக்குக் கசையடி உண்டு என்றும் எழுதினார். இஸ்லாத்தில் திர்மிதி தொகுப்பில் உள்ள நபிமொழியும் இதே திசையில்தான் போகிறது: ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்பைப் போடு என்பது அதன் கருத்து. சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கருவிகளைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் போகிற ஓட்டுநர் அந்த மொழியைத்தான் கடைப்பிடிக்கிறார்.

டிராக்டருக்கும் ஒரு கைப்பிடிச்சுவர் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் உறுதியான இரும்பு வளைவு அது. ரோல் பார் என்பார்கள். வண்டி கவிழ்ந்தால் எடையை அது தாங்கி, ஓட்டுநரைச் சுற்றி ஓர் இடைவெளியைக் காத்துக்கொடுக்கும். இருக்கைப் பட்டை அவரை அந்த இடைவெளிக்குள் நிறுத்தி வைக்கும். இரண்டும் சேர்ந்தால் கவிழ்வில் உயிர் காப்பதில் 99 சதவீதம் பயனுள்ளவை என்று அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் கூறுகிறது. ஸ்வீடனில் இதற்காகக் கனமான எடையை ஊசல்போல ஆட்டி மோதவிட்டுச் சோதனைகள் செய்து, 1959 முதல் புது டிராக்டர்களில் இது கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். பின்னர் பழைய வண்டிகளுக்கும் அதை விரித்தார்கள். அங்கே கவிழ்ந்து சாவது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஸ்வீடன் விவசாயிகளின் விதி 1959இல் மாறிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்காவில் 1976 அக்டோபர் 25க்குப் பிறகு செய்யப்பட்ட, 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டரைக் கூலியாள் ஓட்டினால் ரோல் பார் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சொந்த நிலத்தில் சொந்த வண்டி ஓட்டும் விவசாயியை அது கட்டுப்படுத்தவில்லை. தன் உயிர் தன் விருப்பம் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. மைமோனிடிஸ் இதை ஏற்றிருக்க மாட்டார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. தன் வண்டியில் கவிழ்ந்து சாகிற விவசாயி தன்னோடு மட்டும் முடிந்துபோவதில்லை. கூட்டுறவு வங்கிக் கடன் மிஞ்சுகிறது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். நியூயார்க் மாநிலம் 2006இல் எடுத்த வழி இன்னும் நல்லது: பழைய டிராக்டருக்கு ரோல் பார் பொருத்தும் செலவில் 70 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம். ஒருவருடைய உயிர் ஊருக்கும் பொறுப்பு என்றால் செலவிலும் ஊருக்குப் பங்கு உண்டு.

நம் நாட்டில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் இந்த வளைவு இல்லை. வெல்டிங் பட்டறையில் அடித்து மாட்டிய நிழற்கூரை இருக்கும். வெயிலைத் தாங்குவதற்காகச் செய்த அந்தத் தகடும் குழாயும் வண்டியின் எடையைத் தாங்காது. அதை நம்பக் கூடாது. வளைவு இல்லாத வண்டியில் பட்டையைக் கட்டிக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் கவிழும் வண்டியோடு அது ஆளைப் பிணைத்துவிடும். மினி டிராக்டர்களில் வரும் மடக்கு வளைவில் இன்னொரு சிக்கல். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போவதற்காக அதை மடக்குகிறார்கள். தோப்பை விட்டு வெளியே வந்தபின் நிமிர்த்தி முளையைச் செருக மறந்துவிடுகிறார்கள். கையெட்டும் தூரத்தில் பாதுகாப்பு மடங்கிக் கிடக்க, வண்டி சரிவில் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த மறதிக்குத் திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. ஊழின் வலிமையைச் சொல்லும் 38ஆம் அதிகாரத்தை எல்லோருக்கும் தெரியும். விதிக்கு எதிராக மனித முயற்சியை நிறுத்தும் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையைப் பட்டிமன்றங்கள் பிரபலமாக்கிவிட்டன. நடுவில் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமையை எடுத்துப் பேசுவோர் குறைவு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்ற களிப்பில் வரும் பொச்சாப்பை, அதாவது அசட்டையைப் பற்றியது அது. அரசனுக்காகச் சொன்னதாக உரைகள் கொண்டாலும், முப்பது வருடம் ஓட்டிய டிராக்டர்காரருக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. ஜப்பானில் பண்ணை வேலை விபத்துகளில் இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள். உயிரைப் பறிக்கும் பண்ணை இயந்திரங்களில் டிராக்டருக்கே முதலிடம். முதுமையின் தளர்ச்சி அதில் ஒரு காரணம். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதிக்கும் அதில் இடம் உண்டு என்றே நினைக்கத் தோன்றுகிறது. புதிதாக ஓட்டுகிறவன் பயத்தோடு ஓட்டுகிறான். பழகியவர் எஞ்சினை நிறுத்தாமலே, மண்ணைக் கிளறும் சுழல்கத்திக் கருவியான ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியைக் கையால் இழுக்கிறார். மட்கார்டில் பேரனை உட்காரவைத்துக்கொண்டு உழுகிறார்.

இங்கே ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அவசரம். சோறு போடும் கருவியின் முன்னால் வருடத்துக்கு ஒரு நாளாவது நின்று, இது என் கைக்கு முழுவதும் அடங்கியது அன்று என்று ஒப்புக்கொள்வது பணிவு. பொச்சாப்புக்கு அந்தப் பணிவே மருந்து. அதே நாளில் வண்டியைக் கழுவும் கை டயரின் வெடிப்பையும் பார்க்கும், ஷாஃப்ட் மூடியையும் பார்க்கும், பிரேக் இரண்டும் சமமாகப் பிடிக்கிறதா என்று மிதித்தும் பார்க்கும் என்றால் பூஜைக்கும் பராமரிப்புக்கும் நடுவே பகை ஏதுமில்லை.

பகை வருவது வேறிடத்தில். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே டிராக்டர் டிரெய்லர் ஒன்று குளத்தில் கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உன்னாவ் மாவட்டத்துச் சந்திரிகா தேவி கோயிலில் ஒரு குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டுத் திரும்பியவர்கள். டிராக்டரை வயல் வேலைக்கும் சரக்குக்கும் மட்டும் பயன்படுத்துங்கள் என்று மாநில முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் கேட்டுக்கொண்டார். 2024 பிப்ரவரி 24 அன்று, மாசிப் பௌர்ணமி நாளில், அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் கங்கையில் நீராடப் போன இன்னொரு டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

டிரெய்லரில் ஆளைத் தாங்கும் இருக்கை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. நாற்பது பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் பாரம் அந்தப் பக்கம் போகும். நெல் மூட்டை அப்படி நகர்வதில்லை. இது ஏறுகிறவர்களுக்கும் ஓரளவு தெரிந்ததுதான். ஆனாலும் சாமி கும்பிடப் போகும்போது ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை ஏற்றிவிடுகிறது. ஆனபிறகு சாமி கூப்பிட்டுக்கொண்டது என்ற சொல் எல்லோரையும் விடுவித்துவிடுகிறது. பக்தியின் பெயரால் இதைவிடப் பெரிய அநியாயம் கடவுளுக்குச் செய்ய முடியாது. அந்தக் குழந்தைகளின் சாவைத் தெய்வத்தின் விருப்பமாக்கிவிட்டு, வண்டியைக் கொடுத்தவரும் ஏற்றியவரும் பஸ் விடாத நிர்வாகமும் கை கழுவிக்கொள்கிறார்கள்.

கைப்பிடிச்சுவரைக் கட்டும் கடமை மாடிக்கு வரும் விருந்தாளிக்கு உரியதன்று, வீட்டைக் கட்டியவருக்கு உரியது. டிரெய்லரில் ஏறும் ஏழைப் பெண்ணுக்கு வேறு வண்டி கிடையாது. கிடைத்திருந்தால் அவள் அதில் போயிருப்பாள். ஊரைத் திரட்டி அழைத்துப் போகிறவர்களுக்கோ வழி இருக்கிறது. நம் ஊர்களிலும் விழாக் குழுக்கள் தலைக்கட்டு வரி வசூலித்து மேளத்துக்கும் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் கணக்கு எழுதுகின்றன. முளைப்பாரிக்கோ பால்குடத்துக்கோ பக்கத்து ஊருக்கு ஆட்களைக் கூட்டிப் போக வேண்டியிருந்தால், அந்த நோட்டில் பஸ் வாடகைக்கும் ஒரு வரி எழுதலாம். வாணவேடிக்கை வரியில் கொஞ்சம் குறைத்தால் போதும்.